குன்னூரில் வீடு வாங்குவதற்கு முன்

குன்னூர்ப் பக்கம் விலைக்கு வந்த ஒரு வீட்டைப் பார்க்கச் சென்றபோது, பள்ளத்தாக்குத் தெரியும் முன்பக்கத்தைவிட, மண்மேட்டை ஒட்டிய பின்பக்கத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். அங்கிருந்த தடுப்புச் சுவரின் நடுப்பகுதி லேசாக வயிறு தள்ளியிருந்தது. நீர் வடிவதற்காக விடப்பட்ட துளைகளில் மண் அடைத்துக்கொண்டு, ஒன்றில் செடியே முளைத்திருந்தது. சுவருக்குப் பின்னால் தேங்கும் மழைநீர் மண்ணின் எடையைக் கூட்டி, அதன் பிடிப்பைத் தளர்த்திவிடும் என்பதால், இதைச் சிறு குறையென்று ஒதுக்கிவிட முடியாது. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையின்போது நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை, இந்த மலையில் வீடு தேடும் எவரும் மறக்கக் கூடாது.

ஆகவே, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒருமுறையேனும் வீட்டை நேரில் பாருங்கள். தரையிலும் சுவரிலும் ஒரே கோட்டில் தொடரும் விரிசல், சாய்ந்து வளரும் மரங்கள், சரிவில் மேலே உள்ள வீட்டின் கழிவுநீர்த் தொட்டி இருக்கும் இடம் ஆகியவற்றைக் கட்டடப் பொறியாளர் ஒருவரோடு சேர்ந்து கவனியுங்கள். மின்கம்பி, கூரை போன்றவற்றைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். வில்லங்கச் சான்றிதழோடு நின்றுவிடாமல், கட்டட அனுமதியையும், அந்த இடம் நிலச்சரிவு அபாயப் பகுதியில் வருகிறதா என்பதையும் விசாரியுங்கள். அந்த வீட்டுக்கு நான் முன்பணம் கொடுக்கவில்லை.