ஊட்னடாட்டா சாலையில் தண்ணீர்க் கணக்கு

ஜூலை 8, மாரீ

நாளை காலை சைக்கிளில் கிளம்புகிறேன். இங்கிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர், தெற்கு ஆஸ்திரேலியாவின் வெறும் மண் சாலை, நடுவில் வில்லியம் க்ரீக், ஊட்னடாட்டா என்று இரண்டே ஊர்கள். பின்னால் துணைக்கு வண்டி கிடையாது. போதாததற்கு நானே ஒரு சட்டம் வேறு போட்டுக்கொண்டேன்: வழியில் போகிற வண்டிக்காரர்களிடம் எதையும் வாங்கக் கூடாது. அடிலெய்டில் ஹீட்டர் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு போட்ட சட்டம்.

தண்ணீர் 12 லிட்டர். அவல், ரவை, பருப்புப் பொடி, ஒரு சின்ன பாட்டிலில் நெய். கூடாரமும் மற்றதும் சேர்ந்தால் சைக்கிளோடு ஐம்பது கிலோ வருகிறது, சுவரில் சாய்த்ததை நிமிர்த்தவே மூச்சு வாங்குகிறது.

ஜூலை 9

சாலை முழுக்கத் தகரக் கூரை மாதிரி வரிவரியாக நெளிந்து கிடக்கிறது. வண்டி சக்கரங்கள் குதித்துக் குதித்தே இப்படி ஆகிவிடுமாம். காரில் வேகமாகப் போனால் மேட்டுக்கு மேடு தாவிவிடலாம், நான் போகிற வேகத்தில் ஒவ்வொன்றிலும் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது, பல் கடகடக்கிறது. டயரில் காற்றைக் குறைத்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை.

டிங்கோ நாய்களைத் தடுக்கும் நீண்ட வேலியைத் தாண்டினேன். கொஞ்சம் தள்ளி, பொட்டல்வெளியில் இரண்டு விமானங்களை வாலில் நிற்க வைத்திருக்கிறார்கள், சிற்பமாம். ஒருத்தர்கூட இல்லாத இடத்தில் அதை அண்ணாந்து பார்த்து நிற்பது விநோதமாக இருந்தது. 66 கிலோமீட்டர்.

ஜூலை 10

தெற்கு ஏர் ஏரி. தண்ணீர் இல்லை, கண் கூசும் உப்பு மட்டும். நிற்கிற இடம் கடல் மட்டத்துக்கும் கீழே. அரபானா பழங்குடி மக்கள் இதை கட்டி தண்டா என்பார்கள். நமக்கு 'தண்டா' என்றால் வம்பு, அதைத் தனியாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டேன்.

வம்பும் மதியமே வந்தது. பின் கேரியரின் போல்ட் சட்டத்துக்குள்ளேயே முறிந்துவிட்டது, உடைந்த துண்டை வெளியே எடுக்க வழியில்லை. ரப்பர் குழாய்களை இறுக்கும் கிளிப் இரண்டு வைத்திருந்தேன், அவற்றைச் சட்டத்தோடு சுற்றி முறுக்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்து கேரவன் வண்டியில் வந்த ஒரு வயதான தம்பதி நிறுத்தினார்கள். அம்மா கையில் பனி பூத்த தண்ணீர் பாட்டில். "வேண்டாம், இருக்கிறது" என்றேன். "நிஜமாகவா?" என்று இரண்டு முறை கேட்டார். அவர்கள் போனதும் பிளாஸ்டிக் வாடை அடிக்கிற என் வெந்நீரைக் குடித்தேன்.

ஜூலை 11, கவர்ட் ஸ்ப்ரிங்ஸ்

வழியில் 'பப்ளர்' ஊற்று. மேட்டின் உச்சியில் குளம், அடியிலிருந்து மணலைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வட்டமாகக் கொப்பளிக்கிறது, உளுந்து வேகிற சட்டி மாதிரி. எப்போதோ வெகுதூரத்தில் பெய்த மழை பூமிக்கு அடியிலேயே நகர்ந்து வந்து இங்கே மேலே வருகிறது. இந்தச் சாலை இந்த இடத்தில் இருப்பதற்கே காரணம் இந்த ஊற்றுகள்தான். பழங்குடிகளின் வணிகப் பாதை ஊற்றுக்கு ஊற்று போனது, அதையொட்டி ஆய்வுப் பயணி ஸ்டூவர்ட் போனார், 1872-இல் தந்திக் கம்பி போனது, அப்புறம் நீராவி ரயில். ஆப்கானியர் என்று பொதுவாக அழைக்கப்பட்ட ஒட்டகக்காரர்களின் நினைவாக அந்த ரயிலுக்கு 'கான்' என்று பெயர், அவர்களில் பலர் இன்றைய பாகிஸ்தான், இந்தியப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். 1980-இல் தண்டவாளத்தை மேற்கே மாற்றிவிட்டார்கள். ரயில் காலத்துப் பேரீச்சை மரங்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன. மரத்தொட்டியில் வெதுவெதுப்பான ஊற்றுநீரில் ஒரு மணி நேரம் கிடந்தேன்.

ஜூலை 12, வில்லியம் க்ரீக்

பப், விமான ஓடுதளம், ஒரு கை விரல்களில் எண்ணுகிற வீடுகள். பெரிய பர்கர் இரண்டு. 12 லிட்டரும் நிரப்பியாயிற்று.

ஜூலை 14, காலை

நேற்று 60 கிலோமீட்டர், 5 லிட்டர் செலவு. மிச்சம் 7 இருக்க வேண்டும். காலையில் பார்த்தால் 4 லிட்டர் பை சப்பையாகக் கிடக்கிறது. நான் பெருமையாகப் போட்ட கிளிப்பின் முனைதான் நேற்று முழுக்க உரசி உரசி அறுத்திருக்கிறது. பக்கத்துப் பை உள்ளே சேறு.

3 லிட்டர். அடுத்து நம்பக்கூடிய தண்ணீர் அல்ஜபக்கினா பாலத்தடி மடு, கிட்டத்தட்ட 85 கிலோமீட்டர். வடமேற்குக் காற்று நேரே முகத்தில் அடிக்கிறது, மணிக்கு 8 தாண்டாது. திரும்பினால் அதே காற்று தள்ளிவிடும், சாயங்காலத்துக்குள் வில்லியம் க்ரீக். உதவி கேட்டு சிக்னல் அனுப்பும் அவசர பீக்கன் இருக்கிறது, ஆனால் அது உயிர் போகிற நேரத்துக்கு, தாகம் எடுத்தால் அமுக்குகிற காலிங் பெல் இல்லை. அரை மணி நேரம் சாலையிலேயே உட்கார்ந்திருந்தேன். போகிறேன்.

ஜூலை 14, இரவு

11 மணிக்கு மாட்டுப்பண்ணை வண்டி ஒன்று எதிரே வந்தது. முதலில் கடந்து போய்விட்டது, பிறகு ரிவர்ஸ் எடுத்தார். "கை காட்டியிருக்கலாமே, மேட்" என்றார். சட்டம் பற்றி எதுவும் சொல்லவில்லை, சொன்னால் சிரித்திருப்பார். 5 லிட்டர் கேனும் இரண்டு ஆரஞ்சும் இறக்கி வைத்துவிட்டு, மழை வருகிறது, சாலையை மூடுவதற்குள் ஊட்னடாட்டா போய்ச் சேர் என்றார்.

வாங்கிக்கொண்டேன். முதல் ஆரஞ்சை அவர் புழுதி அடங்குவதற்குள் தின்றுவிட்டேன். அந்தக் கேரவன் அம்மா முகம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

ஜூலை 15, அல்ஜபக்கினா

காற்று தென்மேற்குக்குத் திரும்பி என்னைத் தள்ளிக்கொண்டு வந்தது. மழை நான்கு தூறலோடு சரி. 1892-இல் முடித்த இரும்புப் பாலம், 578 மீட்டர். இத்தனை பெரிய பாலத்துக்கு அடியில் ஒரு மடுதான். வடிகட்டிக் குடித்தேன், லேசான மண் வாசனை.

ஜூலை 16, ஊட்னடாட்டா

கடை, சைன்போர்டு, பெட்ரோல் பம்ப் எல்லாமே ரோஸ் கலர். 1960 ஜனவரி 2 அன்று இங்கே 50.7 டிகிரி வெயில் அடித்தது. இன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். போல்ட் கிடைக்கவில்லை. கிளிப் மேல் பழைய டியூபைச் சுற்றியிருக்கிறேன்.

ஜூலை 19, மார்லா

தார் சாலை. மூன்று நாளில் ஏழெட்டு வண்டிகள், எல்லாவற்றுக்கும் கை காட்டினேன். 3 லிட்டர் மிச்சம்.

பஸ்ஸில் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் போட்டால்தான் ஏற்றுவார்களாம். ரோட்ஹவுஸ் பின்னால் உட்கார்ந்து சிப்ஸ் வந்த அட்டைப்பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு போதவில்லை, இன்னொன்று கேட்டு வாங்க வேண்டும்.