அவர் கேட்டது மனைவியைப் பற்றி

கேள்வி ஆங்கிலத்தில் வந்தது. "தூதர் அவர்களே, இத்தனை வருடமும் உங்கள் இல்லத்தில் மனைவியாக இருந்தது யார்?"

மொழிபெயர்ப்பாளரான நான் அதை இந்தோனேசிய மொழியில் இப்படிச் சொன்னேன்: "இபு, தூதர் இல்லத்துக் காரியங்களை எப்படிச் சமாளித்தீர்கள்?"

இரண்டுக்கும் நடுவே மிஞ்சிப்போனால் மூன்று விநாடி இருந்திருக்கும். காதில் சரியாக விழவில்லை என்று இப்போது சொல்லித் தப்பிக்க முடியாது, ஏனென்றால் குறிப்புத் தாள் என்னிடமே இருக்கிறது. வேலை முடிந்ததும் தாள்களைக் கிழித்துப் போட்டுவிடுவதுதான் வழக்கம், அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அதில் என் கையெழுத்தில், தமிழில், "மனைவி யார்" என்று இருக்கிறது. (குறிப்பெடுக்கும்போது எந்த மொழி முதலில் கைக்கு வருகிறதோ அதில் கிறுக்குவேன். மலேசியாவில், கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், அவசரத்தில் தமிழ்தான் வரும்.) கேட்டேன், புரிந்துகொண்டேன், எழுதினேன், பிறகு வாயைத் திறந்து வேறொன்றைச் சொன்னேன்.

ஜகார்த்தாவில் இளம் அதிகாரிகளுக்கான ஓர் அமர்வு அது. வெளிநாட்டு விருந்தினர்களும் சிலர் இருந்தார்கள், அதனால்தான் நான். பேசியவர் ஓய்வுபெற்ற தூதர், இரண்டு நாடுகளில் தூதராக இருந்தவர். பெயர் வேண்டாம், இபு என்றே சொல்கிறேன். அங்கே எல்லாரும் அப்படித்தான் அழைப்பார்கள். நம் ‘அம்மா’ மாதிரிதான், பெற்றவளுக்கும் அதே சொல், மேலதிகாரிக்கும் அதே சொல். இபுவின் ஆங்கிலம் என் ஆங்கிலத்தைவிட நன்றாக இருக்கும். ஆனால் மேடையில் இந்தோனேசிய மொழியில் மட்டும்தான் பேசுவார். அரசுப் பதவியில் இருப்பவர்கள் அதிகாரபூர்வ உரைகளைத் தேசிய மொழியில் ஆற்ற வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் 24ஆம் எண் சட்டம் சொல்கிறது. ஓய்வு பெற்றவரை அது கட்டாது, பழக்கம் விடவில்லை, அவ்வளவுதான். அதில் ஒரு லாபமும் உண்டு, இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான்: மொழிபெயர்ப்பாளர் பேசும் நேரம் தூதருக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம். கேள்வியை ஆங்கிலத்திலேயே காதில் வாங்கிவிடுவார், நான் அதைத் திரும்பச் சொல்லி முடிப்பதற்குள் பதிலைத் தயார் செய்துவிடுவார்.

அப்படியென்றால் அன்று அந்த மூன்று விநாடிக்கும் அதன் பின் நான் பேசி முடித்த நேரத்துக்கும் அவர் வேறு ஏதோ ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டிருந்திருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டதும் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. ரொக்கச் சில்லறையை எண்ணிப் பார்க்கிறவர் மாதிரி ஒரு பார்வை. அப்புறம் சபையைப் பார்த்து, தூதர் இல்லத்தின் சமையல்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஆகஸ்ட் 17 சுதந்திர தின வரவேற்புக்குக் கூம்பு வடிவில் மஞ்சள் சோறு செய்ய, அந்த ஊரில் தேங்காய்ப்பாலுக்கு எப்படி அலைந்தார்கள், விருந்துச் செலவுக்கு எப்படிக் கணக்கு எழுதுவார்கள், இப்படி. சபை சிரித்தது. கேள்வி கேட்டவரும் சிரித்தார், ஆனால் அவர் முகத்தில் ஏதோ கைதவறிப் போன மாதிரி இருந்தது. அல்லது நானாக இப்போது அப்படி நினைத்துக்கொள்கிறேன்.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வி வந்த விதம் அப்படி. வயதான மனிதர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார், பின்வரிசையில் இரண்டு பேர் கிளுக்கென்று சிரித்தார்கள். அதற்குமுன் முக்கால் மணி நேரம் இபு தன் வேலையைப் பற்றிப் பேசியிருந்தார். 1959இல் லைலி ருசாட் பெல்ஜியத்துக்கும் லக்ஸம்பர்குக்கும் தூதராகப் போனார், இந்தோனேசியாவின் முதல் பெண் தூதர். ரெத்னோ மர்சுடி வெளியுறவு அமைச்சரானது 2014இல், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். "நடுவே 55 வருடம், நான் அந்த 55க்குள் வேலை பார்த்தவள்" என்றார் இபு. மூன்றாம் செயலர், இரண்டாம் செயலர், முதல் செயலர் என்று படிப்படியாக, செக்டிலு, செஸ்டிலு, செஸ்பார்லு என்று மூன்று பயிற்சிப் பள்ளிகள் தாண்டி, கடைசியில் நாடாளுமன்றத்தில் வெளியுறவைக் கவனிக்கும் முதலாம் ஆணையத்துக்கு முன் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் தகுதி விசாரணையில் உட்கார்ந்து (1999இல் அரசியல் சட்டத்தைத் திருத்தியதன் வழியாக வந்த நடைமுறை இது) தூதரான ஒருவரிடம் கேட்க இதுதானா கிடைத்தது என்று எனக்குச் சுருக்கென்றது. அவ்வளவுதான். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஆனால் அதே மேடையில், அந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் முன்பு, இபு 2011 ஜூனைப் பற்றிப் பேசினார். சவூதியில் வீட்டு வேலைக்குப் போன ருயாத்தி என்ற பெண்ணுக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள், நிறைவேற்றிய பிறகுதான் இந்தோனேசியாவுக்குச் செய்தி தெரியவந்தது, அதன் பின் ஆகஸ்டிலிருந்து அங்கே வீட்டுப் பணியாளர்களை அனுப்புவதை அரசு நிறுத்திவைத்தது. இபு மேற்காசியாவில் இளநிலை அதிகாரியாக இருந்தபோது தூதரகக் காப்பகத்தில் இப்படிப்பட்ட பெண்களோடு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர். "பாதி வேலை மேசையில் இல்லை, பாயில்" என்றார். ருயாத்தியைப் பற்றிச் சொல்லும்போது அவர் பயன்படுத்திய சொல்லுக்கு நேர் அர்த்தம் தலையை வெட்டினார்கள் என்பது. தண்டனை நிறைவேற்றப்பட்டது என்று நான் ஆங்கிலத்தில் நாசூக்காகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் என்ன சொன்னாரோ அதையே சொன்னேன், முன்வரிசையில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டாள். அது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அப்படியானால், தலை வெட்டியதை மழுப்பாமல் சொல்லத் தெரிந்தவளுக்கு மனைவி என்ற ஒரு சொல் ஏன் வாயில் வரவில்லை?

அன்று மாலை இபுவின் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ஜகார்த்தாவில் மாலை ஆறு மணிக்குக் கார் என்பது ஒரு அறை மாதிரிதான், எங்கும் போகாது. எப்போதும் என்னை ‘ம்பாக்’ என்பார். அக்கா என்று அர்த்தம், வயதில் சின்னவர்களையும் மரியாதைக்கு அப்படித்தான் அழைப்பார்கள். அன்று காரில் ‘நாக்’ என்றார். பிள்ளை.

"நாக், அவர் மனைவி யார் என்று கேட்டார். நீ சமையல்காரர் யார் என்று கேட்டாய்."

"இபு, அது மரியாதை இல்லாத கேள்வி."

"தெரியும். முப்பது வருடமாக அதைத்தான் விதவிதமாகக் கேட்கிறார்கள். எப்படிச் சமாளித்தீர்கள், குடும்பம் ஒத்துழைத்ததா, குழந்தைகள் ஏங்கினார்களா. இவர் ஒருவர்தான் நேராகக் கேட்டார்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?" என்று கேட்டேன். இதைக் கேட்டிருக்கக் கூடாது. மேடையில் கிடைக்க விடாமல் செய்ததைக் காரில் எனக்கு மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிற மாதிரி ஆகிவிட்டது.

ஆனாலும் சொன்னார். முதல் நாட்டில் அவர் கணவர்தான் மனைவி. கல்லூரியில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வரவேற்பு வரிசையில் விருந்தினர்கள் இபுவைத் தாண்டிப் போய் அவர் கையைப் பிடித்து, மேதகு தூதரே என்பார்கள், அவர் இபுவைக் காட்டுவார். தூதர்களின் துணைவியர் கூடும் தேநீருக்கு அவர் ஒருவர்தான் ஆண், போனார், பழகிக்கொண்டார், கேக் செய்முறைகூட எழுதிக்கொண்டு வந்தார். இரண்டாவது நாட்டுக்கு அவர் வரவில்லை. ஏன் என்று இபு சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"இரண்டாவது நாட்டில் மனைவி, என் துணைத் தூதரின் மனைவி" என்றார்.

இது புரிய ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அரசு ஊழியர்களின் மனைவிகளுக்கு தர்ம வனிதா என்று ஓர் அமைப்பு 1974இல் வந்தது, இன்றும் தர்ம வனிதா பெர்சத்துவான் என்ற பெயரில் இருக்கிறது. கணவரின் பதவிதான் அதில் மனைவியின் பதவி. தூதரகத்தில் தூதரின் மனைவி தலைவி. தூதரே பெண் என்றால் அந்த நாற்காலி காலி, அடுத்த நிலையில் இருப்பவரின் மனைவி வந்து உட்கார வேண்டியதுதான். அப்படி வந்த பெண் மூன்று வருடம் சந்தைக் கண்காட்சி நடத்தினார், விருந்துக்கு யார் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று பார்த்தார், ஊரிலிருந்து வந்த அதிகாரிகளின் மனைவிகளைக் கடைக்குக் கூட்டிப்போனார். தூதரின் மனைவி செய்கிற அத்தனையும், தூதரின் மனைவி என்ற பெயர் இல்லாமல். இபு அந்த நேரத்தில் ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்.

"அவர் பட்டதாரி. நான் தேர்வு எழுதிய அதே வருடம் அவரும் எழுதினார். அவர் தேறவில்லை" என்றார் இபு. பிறகு, "அதைத்தான் சொல்ல நினைத்தேன்" என்றார். பிறகு தொலைபேசியை எடுத்துப் பேத்தியோடு பேசத் தொடங்கிவிட்டார்.

இதிலிருந்துதான் எனக்கு வெளியே வர முடியவில்லை. இபுவுக்கு ஓர் அவமானம் நேராமல் காத்தேன் என்று நினைத்திருந்தேன், ஆனால் மேடையில் பேர் சொல்லப்படாமல் போனது மூன்றாவது வரிசையில்கூட இல்லாத யாரோ ஒரு பெண். இன்னொரு பக்கம், ஒரு கோபமும் வருகிறது. அவருக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே? ‘மொழிபெயர்ப்பாளர் மாற்றிச் சொல்லிவிட்டார், கேள்வி இது’ என்று ஒரு வரி சொல்லியிருக்கலாமே. ஏன் என் கேள்விக்குப் பதில் சொன்னார்? எல்லார் முன்னாலும் என் மானத்தைக் காப்பாற்றினார் என்று ஒரு தோழி சொன்னாள், அவளும் இதே தொழிலில் இருப்பவள். இருக்கலாம். பேசாமல் விடுவதும் அவர் தொழில்தான்.

பழைய பயம் ஒன்றும் இதில் இருக்கிறது. ஜகார்த்தாவுக்கு வந்த புதிதில் ஒரு கூட்டத்தில் ஒருவர் பேச்சுவார்த்தை ‘பெர்ச்சுமா’ என்றார். எங்கள் மலேசியாவில் பெர்ச்சுமா என்றால் இலவசம். இந்தோனேசியாவில் வீண். நான் பேச்சுவார்த்தை இலவசம் என்று ஆங்கிலத்தில் கம்பீரமாகச் சொல்லி, ஒரு மேசை முழுக்க என்னைப் பார்த்தது. அதிலிருந்து எந்தச் சொல்லையும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவேன். முகர்ந்து பார்க்கும் பழக்கம் எப்போது வடிகட்டும் பழக்கமாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. கொஞ்சம் வடிகட்டாமல் இந்த வேலையைச் செய்யவும் முடியாது. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ‘யூ’ என்று ஒரே சொல், இந்தோனேசிய மொழியில் அதே சொல்லை இபு என்பதா, ஆணுக்கு உரிய பாப்பாக் என்பதா, பொதுவான அண்டா என்பதா என்று முதல் சொல்லிலேயே முடிவெடுத்தாக வேண்டும். மரியாதை சேர்ப்பது என் வேலையின் பகுதி. எங்கே நிறுத்துவது என்றுதான் யாரும் சொல்லித் தருவதில்லை.

அதற்கும் மேல், ‘இபு தூபெஸ்’ என்று அங்கே ஒரு பேச்சு வழக்கு இருக்கிறது, தூபெஸ் என்றால் தூதர். பெண் தூதருக்கும் அதுதான், தூதரின் மனைவிக்கும் அதுதான். நம் ஊரில் டாக்டரம்மா என்றால் டாக்டரா, டாக்டரின் மனைவியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே, அப்படி. அந்த மனிதர் மொழி தெரியாமலேயே சரியாக அந்த இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்.

நான்கு மாதம் கழித்து இபுவோடு இன்னொரு வேலை வந்தது. அவரே என்னைக் கேட்டிருந்தார் என்று ஏற்பாட்டாளர் சொன்னார், அதற்கு என்ன பொருள் கொள்வது என்று தெரியாமல் போனேன். அங்கும் கேள்வி நேரம். ஒரு மாணவி, இருபது வயது இருக்கும், எழுந்து ஆங்கிலத்தில் கேட்டாள்: வழக்கமாகத் தூதரின் மனைவி செய்யும் வேலையை உங்கள் விஷயத்தில் யார் செய்தார்? கிண்டல் எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என் கை வியர்த்தது. ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், மனைவி என்ற இடத்தில் மனைவி என்றே சொல்லி முடித்தேன்.

இபு என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சமையல்காரரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார், கூம்புச் சோறு, தேங்காய்ப்பால், விருந்துக் கணக்கு, அதே வரிசையில். நான் அதைப் பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். சபை அதே இடங்களில் சிரித்தது.