நீலப் புள்ளியைத் தேடி நெப்ராஸ்காவுக்கு

சிகாகோவிலிருந்து நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரத்துக்கு என்னைக் கொண்டுவந்த பேருந்தைத் திட்டிவிட்டுத்தான் மற்றதை எழுதமுடியும். 2024 நவம்பர் 2, சனிக்கிழமை இரவு பத்தரைக்கு ஏறினேன். ஐயோவா மாநிலத்தின் நடுவில் ஏதோ ஒரு பெட்ரோல் பங்கில் ஹீட்டர் போய்விட்டது என்று வண்டியை ஓரங்கட்டினார்கள். மாற்று வண்டி வர இரண்டு மணி நேரம். வெளியே குளிர், உள்ளே அதைவிடக் குளிர். அன்றைக்கென்று பார்த்து, அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கும் இரவு. இரண்டு மணி ஆகப்போகிறது என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மறுபடி ஒரு மணி ஆகிவிட்டது. ஓட்டுநர் மைக்கைப் பிடித்து, கடிகாரப்படி நாம் ஒரு மணி நேரம்தான் தாமதம் என்று அறிவித்தார். சிரிக்க எனக்குத் தெம்பில்லை. 78 டாலர் டிக்கெட்.

இறங்கிய பிறகும் விடவில்லை. பதினோரு கிலோமீட்டர் தூரத்துக்குச் செயலியில் பிடித்த கார் 38 டாலர் காட்டியது. தூக்கக் கலக்கத்தில் சரி என்று அழுத்திவிட்டேன். டாட்ஜ் தெருவில் நல்ல நகரப் பேருந்து ஓடுகிறது, டிக்கெட் ஒன்றேகால் டாலர்தான் என்பது மறுநாள்தான் தெரிந்தது. நீங்களாவது பிழைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு அவதிப்பட்டு அங்கே எதற்குப் போனாய் என்று கேட்டீர்களானால், அதிபர் தேர்தலின் ஒரே ஒரு வாக்கைப் பார்க்க. நாலரை வருடமாக அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். எனக்கு இங்கே வாக்கு கிடையாது, வரி மட்டும் உண்டு. சரி, வேடிக்கையாவது பார்ப்போம் என்று கிளம்பினேன். பென்சில்வேனியாவுக்குத்தான் எல்லாரும் போகிறார்கள், அங்கே அறை வாடகையும் தாறுமாறு. கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்த ஒரு அண்ணன் ஒமாஹாவில் இருக்கிறார், திருநெல்வேலிக்காரர். தங்கும் செலவு மிச்சம் என்பதும் முக்கியமான காரணம்.

ஊருக்குள் நுழைந்ததுமே வீட்டு முன்புறப் புல்வெளிகளில் அந்தப் பலகை கண்ணில் பட்டது. வெள்ளைப் பலகை, நடுவில் ஒரு பெரிய நீல வட்டம். பெயர் இல்லை, கட்சி இல்லை, வாசகம் இல்லை. நெற்றிக்கு வைக்கும் ஸ்டிக்கர் பொட்டைப் பெரிதாக்கி நட்டுவைத்த மாதிரி இருந்தது. ஒரு தெருவில் பதினேழு எண்ணினேன். இரண்டு தெரு தள்ளி அதற்குப் பதில் சொல்வதுபோல் நெப்ராஸ்காவின் வரைபடத்தை முழுக்கச் சிவப்பாக அடித்து ஒரு பலகை. சிவப்பைப் பார்த்ததும் நமக்கு அரிவாள் சுத்தியல்தான் ஞாபகம் வரும். இங்கே சிவப்பு குடியரசுக் கட்சி, நீலம் ஜனநாயகக் கட்சி. இதுவும் ஏதோ காலங்காலமான வழக்கம் இல்லை, 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் தொலைக்காட்சிக்காரர்கள் எல்லாரும் அதே நிறங்களைக் காட்டப்போய் நிலைத்துவிட்டது.

புள்ளியின் கதை இதுதான். அமெரிக்க அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்த 538 எலெக்டோரல் வாக்குகளில் 270 எடுப்பவர் அதிபர். 48 மாநிலங்களில் ஒரு வாக்கு கூடுதலாக வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் மொத்த எலெக்டோரல் வாக்கும் போய்விடும். மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் விலக்கு. நெப்ராஸ்காவுக்கு ஐந்து வாக்குகள். மாநிலம் முழுக்க முதலில் வருபவருக்கு இரண்டு, மூன்று காங்கிரஸ், அதாவது நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் முதலில் வருபவருக்குத் தலா ஒன்று. 1991இல் சட்டம் போட்டு 1992 தேர்தலில் இருந்து நடைமுறை. மாநிலம் என்னவோ 1964இல் லிண்டன் ஜான்சனுக்குப் பிறகு எந்த ஜனநாயகக் கட்சிக்காரரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் ஒமாஹாவைச் சுற்றிய இரண்டாம் தொகுதி 2008இல் ஒபாமாவுக்கும் 2020இல் பைடனுக்கும் தன்னுடைய அந்த ஒற்றை வாக்கைக் கொடுத்தது. சிவப்பு வரைபடத்தில் நீலமாக ஒரு புள்ளி.

அந்த ஒற்றை வாக்குக்கு இந்த முறை ஏன் இவ்வளவு கிராக்கி? மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றையும் கமலா ஹாரிஸ் எடுத்து, இழுபறியான மற்ற மாநிலங்களை எல்லாம் டிரம்ப் எடுத்தால் ஹாரிஸ் 269இல் நிற்பார். ஒமாஹா சேர்ந்தால் 270. சேராவிட்டால் 269க்கு 269, முடிவு நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போகும், அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில் அதிபரைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்தக் கணக்கை அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் பாட்டில்களை நகர்த்தி எனக்கு விளக்கினார்கள். ஒமாஹாவாக நின்றது மாவடு.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது என்று இந்த முறை வரிசையாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். போவதை மேலே சொல்லிவிட்டேன், தங்க அண்ணன் வீடு. சாப்பாடு பற்றி நிறையவே சொல்லவேண்டும்.

நெப்ராஸ்காவில் ரன்சா என்று ஒன்று. கொத்துக்கறியும் முட்டைக்கோசும் வெங்காயமும் வதக்கி உள்ளே அடைத்து மூடிச் சுட்ட நீளமான ரொட்டி. ரஷ்யாவிலிருந்து குடியேறிய ஜெர்மானியர்கள் கொண்டுவந்த பண்டம். கையில் வாங்கியபோது நம் பேக்கரி பப்ஸின் பணக்கார மாமா மாதிரி இருந்தது. காரம் துளி கூட இல்லை. ஆனால் அந்தக் குளிரில், சூட்டோடு, முட்டைக்கோசின் லேசான இனிப்போடு, இரண்டாவது ஒன்று வாங்கினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட வினோதம், காரமான பீன்ஸ் கறிக்குழம்புக்குத் தொட்டுக்கொள்ள லவங்கப்பட்டை தூவிய இனிப்பு பன் தருகிறார்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டில் தொடங்கிய பழக்கமாம். முகம் சுளித்துக்கொண்டே ஒரு வாய் வைத்தேன். காரத்துக்குப் பின்னால் இனிப்பு வரும்போது பரோட்டாவில் சர்க்கரை தொட்டுத் தின்ற சின்ன வயசு ஞாபகம் வந்தது. இதற்காகவே இன்னொரு தடவை போவேன், வேறு பேருந்தில். தெற்கு ஒமாஹாவின் 24ஆம் தெருவில் மெக்சிகோக்காரர்களின் டாக்கோக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நாக்கு செத்துப்போனவர்கள் நேரே அங்கே போங்கள், பத்து டாலரில் வயிறு நிறையும்.

புகழ்பெற்ற உயிரியல் பூங்காவுக்கு வாசல்வரை போய் டிக்கெட் விலையைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். பதிலுக்கு, காசில்லாமல் பார்க்கக்கூடிய இடம் ஒன்று கிடைத்தது. முன்னாள் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு பிறந்த இடம். வீடு எரிந்துபோய் இப்போது ரோஜாத் தோட்டம், நவம்பரில் பூ ஏது, முள்தான். அதிபராகவோ துணை அதிபராகவோ எந்தத் தேர்தலிலும் ஜெயிக்காமல் அதிபர் நாற்காலியில் உட்கார்ந்த ஒரே ஆள் அவர்தான். துணை அதிபர் ராஜினாமா செய்ததும் 1973இல் அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டார், அடுத்த வருடம் நிக்சனும் போனதும் இவர் அதிபர். ஒற்றை வாக்குக்கு அடித்துக்கொள்ளும் ஊரில், அந்த ஒற்றை வாக்கு கூட இல்லாமல் அதிபரானவர் பிறந்திருக்கிறார்!

திங்கட்கிழமை அண்ணனுக்கு லிங்கனில் வேலை இருந்ததால் காரில் ஓசிப் பயணம். லிங்கன்தான் தலைநகரம். 400 அடி உயரக் கோபுரத்தோடு சட்டமன்றம், உச்சியில் விதை விதைக்கும் உழவன் சிலை. நுழைவுக் கட்டணம் கிடையாது (அடிக்கோடிட்டுக் கொள்ளவும்). உள்ளே இரண்டு அவைகள் கட்டியிருக்கிறார்கள், ஒன்று காலி. கட்டடம் முடிந்தது 1932இல். இரண்டு வருடம் கழித்து மக்கள் வாக்களித்து மேலவை கீழவை வேண்டாம், ஒரே அவை போதும் என்று முடிவெடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஒற்றை அவை உள்ள மாநிலம் இது மட்டும்தான். உறுப்பினர்கள் 49 பேர், வாக்குச்சீட்டில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் கட்சி போடுவதில்லை. சீண்டுவார் இல்லாத அந்தப் பழைய அவையில் நாற்காலிகள் பளபளவென்று கிடக்கின்றன.

இந்தச் சட்டமன்றத்தில்தான் செப்டம்பரில் குடியரசுக் கட்சிக்காரர்கள் புள்ளியை அழிக்கப் பார்த்தார்கள். எல்லா மாநிலத்தையும் போல ஜெயித்தவருக்கே ஐந்தும் என்று மாற்றிவிட ஆளுநர் ஜிம் பில்லன் தயார். தென் கரோலினாவிலிருந்து செனட்டர் லிண்ட்சி கிரஹாம் வந்து உறுப்பினர்களைச் சந்தித்துவிட்டுப் போனார். எதிர்ப்பவர்கள் பேசிப் பேசி இழுத்தடிப்பதைத் தடுக்க 33 பேர் வேண்டும். ஒமாஹாவின் மைக் மெக்டானல் மேல் எல்லார் கண்ணும் விழுந்தது. ஏப்ரலில்தான் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்குத் தாவியவர். தாவியவர் புதுக் கட்சி சொன்னதைச் செய்வார் என்றுதான் நாமெல்லாம் நினைப்போம். மனிதர் தேர்தலுக்கு முன்னால் மாற்றமுடியாது என்று கைவிரித்துவிட்டார். கதை அதோடு முடிந்தது.

அன்று மாலை மிசௌரி ஆற்றின் மேல் உள்ள பாப் கெர்ரி நடைபாலத்துக்குப் போனேன். எந்த ஊர்ப் பாலத்திலும் இவ்வளவு நேரம் நின்றதில்லை. பாலத்தின் நடுவில் மாநில எல்லை குறித்திருக்கிறது. ஒரு கால் நெப்ராஸ்காவில், ஒரு கால் ஐயோவாவில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம், நானும் எடுத்தேன். எதிர்க்கரையில் கவுன்சில் பிளஃப்ஸ் என்ற ஊர். இரண்டு ஊருக்கும் ஒரே தொலைக்காட்சி, ஒரே பிரசார விளம்பரம், ஒரே குளிர். அந்தக் கரையில் ஹாரிஸுக்குப் போடும் வாக்கு ஐயோவாவின் மொத்தக் கணக்கில் கரைந்துபோகும். இந்தக் கரையில் அதே வாக்குக்கு வாஷிங்டன் வரை மரியாதை. இடையில் இருப்பது தண்ணீர்தான். மேற்கே மூன்றாம் தொகுதிக்காரர்களுக்கும் இது பொருந்தும். மாநிலப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அவர்களுடையது, அங்கே ஸ்காட்ஸ்பிளஃப் என்ற ஊர் இங்கிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல், கடிகாரமே வேறு. வாக்குச்சாவடியை இங்கே காலை எட்டுக்குத் திறந்தால் அங்கே ஏழுக்கு, இரண்டும் ஒரே நொடி. அவர்கள் எப்படிப் போடுவார்கள் என்பது யாருக்கும் சந்தேகமே இல்லாததால் யாரும் அங்கே போய்க் கெஞ்சவில்லை.

செவ்வாய்க்கிழமை அண்ணன், அண்ணியோடு வாக்குச்சாவடிக்குப் போனேன். ஒரு தேவாலயத்தின் கூடம். 200 அடிக்குள் பிரசாரம் கூடாது, அதனால் புள்ளிப் பலகைகள் எல்லாம் தெருமுனையோடு சரி. ஒலிபெருக்கி இல்லை, பந்தல் இல்லை, போலீஸ் கூட இல்லை. அடையாள அட்டை காட்டுவது அந்த வருடம்தான் கட்டாயமாகியிருந்தது. விரலில் மை வைக்கவில்லை என்று எனக்குக் குறை, அதற்குப் பதில் சட்டையில் ஒட்டும் ஸ்டிக்கர்.

அண்ணி வெளியே வர நேரமானது. வீட்டில் மாதிரிச் சீட்டைக் காட்டினார்கள். தாள் முழுக்க முட்டை வட்டங்கள், பேனாவால் நிரப்பவேண்டும். அதிபரோடு முடிவதில்லை. இரண்டு செனட் இடங்கள். கருக்கலைப்பு பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கேள்விகள். மருத்துவக் கஞ்சா. சம்பளத்தோடு நோய் விடுப்பு. அப்புறம் மின்வாரிய இயக்குநர்கள்! ஆமாம், இந்த மாநிலத்தில் மின்சாரம் முழுக்கப் பொதுத்துறை, வாரியத்தில் யார் உட்காரவேண்டும் என்று மக்கள் வாக்குப் போடுகிறார்கள். கரண்ட் போனால் திட்டுவதற்கு ஆளைத் தாங்களே தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதிபர் தேர்தலைவிட இது பிடித்துப்போனது.

"யாருக்குப் போட்டீங்கண்ணே?" என்று காரில் கேட்டேன்.

"நம்ம ஊர்லயே எங்கப்பாகிட்ட சொன்னதில்ல. ஒங்கிட்ட சொல்வேனாக்கும்?"

அண்ணி கேட்காமலே சொன்னார்கள். "மேல ஹாரிஸ், கீழ பேக்கன். ரெண்டும் வேற வேற கட்சி. அதுல என்ன தம்பி?"

அந்த ஊரே அப்படித்தான் போட்டிருந்தது. இரவு எண்ணி முடித்தபோது இரண்டாம் தொகுதியில் அதிபருக்கு ஹாரிஸ், பிரதிநிதிகள் சபைக்கு குடியரசுக் கட்சியின் டான் பேக்கன். மாநிலம் முழுக்க டிரம்ப் சுமார் 20 சதவீதப் புள்ளி முன்னிலை. ஹாரிஸோடு துணை அதிபர் பதவிக்கு நின்ற டிம் வால்ஸ் பிறந்ததே நெப்ராஸ்காவில், அது பைசாவுக்குப் பிரயோஜனப்படவில்லை. மருத்துவக் கஞ்சாவும் நோய் விடுப்பும் ஜெயித்துவிட்டன. நான்குக்கு ஒன்று என்று நெப்ராஸ்கா பிரிந்தது. அண்ணி கை தட்டினார்கள், பால்கோவா வந்தது.

பால்கோவா தீர்வதற்குள் மற்ற மாநிலங்கள் வர ஆரம்பித்தன. வட கரோலினா, ஜார்ஜியா. விடியற்காலையில் பென்சில்வேனியா, விஸ்கான்சின் எல்லாம் டிரம்ப் பக்கம் போய் அவர் 270ஐத் தாண்டிவிட்டார். மேசையில் மாவடு பாட்டில் தனியாக நின்றது. இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

புதன்கிழமை மதியம் எனக்குப் பேருந்து. அதே நிறுவனம், போகவர சேர்த்து எடுத்துத் தொலைத்திருந்தேன். கிளம்பும்போது அண்ணி வாசலில் குனிந்து புள்ளிப் பலகையைப் பிடுங்கி, கம்பியில் ஒட்டிய மண்ணைச் செருப்பில் தட்டிக்கொண்டிருந்தார்கள். குப்பைத் தொட்டியைத் திறந்து பிடித்தேன்.

"ஐய, தூரப் போடுறதா? காசு குடுத்து வாங்கினதுப்பா," என்று அதைக் கார் ஷெட்டுக்குள் புல் வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் சொருகி வைத்தார்கள். "2028க்கு ஆகும்."