பி சைடுல கடைசிப் பாட்டு

போன ஞாயித்துக்கிழமை ஏற்காட்டுலருந்து எறங்கும்போது கார்ல நாலு பேருக்கும் ஒரே சண்ட. உமா ரமணன் பாடுனதுல ஜனங்க கண்டுக்காமயே விட்ட பாட்டு எது? கேள்விய கெளப்பி விட்டது நாந்தான். 'பூங்கதவே தாழ் திறவாய்', 'ஆனந்த ராகம்' ரெண்டும் ஆட்டத்துல கெடையாதுன்னு மொதல்லயே சொல்லிட்டேன், அப்படியும் பின்னாடி சீட்டுலருந்து ஒருத்தன் 'ஆகாய வெண்ணிலாவே'ங்குறான், டேய் அது ஊருல எல்லா கல்யாண வீட்டுலயும் ஓடுற பாட்டுடா!

வண்டி ஓட்டுனவரு 'செவ்வரளி தோட்டத்துல'ன்னாரு, 1983ல வந்த 'பகவதிபுரம் ரயில்வே கேட்', இளையராஜா கூட சேந்து பாடுனது. நல்ல தேர்வுதான். மச்சான் மட்டும் 'மஞ்சள் வெயில்'ல புடிச்ச புடிய விடல. "மகேந்திரனோட 'நண்டு'ன்னு சொன்னா எல்லாரும் மலேசியா வாசுதேவனோட 'அள்ளித் தந்த பூமி'யத்தான் சொல்றானுங்க, இந்தப் பொண்ணு பாடுனது எவனுக்கு ஞாபகம் இருக்கு?"ன்னு கொண்டை ஊசி வளைவுல ஒரு கைய வெளிய ஆட்டிக்கிட்டே கேக்குறான்.

என் ஓட்டு 'ஆசை ராஜா ஆரீரோ'வுக்கு. 'மூடுபனி', 1980, ராஜாவோட நூறாவது படம். அந்தப் படத்துல யேசுதாஸ் 'என் இனிய பொன் நிலாவே' பாடிட்டாரு, அப்புறம் வேற பாட்ட யாரு தேடப்போறா. போதாததுக்கு அதே வருஷம் 'நிழல்கள்' வந்து 'பூங்கதவே' அந்தம்மாவ எங்கயோ கொண்டு போயிருச்சு. அவங்க பாட்டே அவங்க பாட்ட மறைச்சிருச்சு.

நம்மூர்ல வெள்ளக்காரன் மாதிரி பாட்டுக்குப் பின்னாடி இன்னொரு பாட்டு வெச்சு தனி ரெக்கார்டு போடுற பழக்கம் பெருசா இல்ல, படப்பாட்டுதான் எல்லாம், அதனால எனக்கு பி சைடுன்னா கேசட்டோட பி சைடுதான். அக்கா கோடு போட்ட பேப்பர்ல பன்னெண்டு பாட்டு எழுதிக் குடுத்துச்சு, நான் சைக்கிள்ல போயி ரெக்கார்டிங் சென்டர்ல குடுத்தேன், 60 நிமிஷ கேசட், ஒரு பக்கம் முப்பது. வாங்கப் போனப்ப கடக்காரரு, "தம்பி, கடைசில கொஞ்சம் எடம் மிச்சமிருந்துச்சு, நானே ஒண்ணு போட்டு விட்டேன்"னாரு. அதான் இந்தப் பாட்டு. ஆனா மனுசன் எடத்த சரியா அளக்கல, பாதில டேப் முடிஞ்சு டக்குனு பட்டன் மேல வந்துரும். பாட்டே அவ்ளோதான்னு ரொம்ப வருஷம் நெனச்சிட்டிருந்தேன், பாதித் தாலாட்டுலயே கொழந்த தூங்கிருச்சு போலன்னு நானா ஒரு வெளக்கம் வேற வெச்சிருந்தேன். முழுப் பாட்ட கேட்டது காலேஜ் முடிச்சப்புறம்.

கதைய யோசிச்சுப் பாருங்க. அம்மா நெனப்புலயே சிக்கிக்கிட்ட ஒருத்தன் கொலகாரனா ஆகுறான், பிரதாப் போத்தன். அந்தப் படத்துக்குள்ள ஒரு தாலாட்டு. கேக்கும்போது அன்பாவும் இருக்கு, முதுகுல சில்லுன்னும் இருக்கு. தாலாட்டுன்னாலே பாடகிங்க கொரல கொஞ்சம் கொழைச்சுக் கொஞ்சுவாங்க, உமா ரமணன் அத பண்ணல, 'ஆரீரோ'வ நேரா எடுத்து அழுத்தாம வெச்சுட்டுப் போறாங்க, தூங்குற புள்ள மேல போர்வய இழுத்து விடுற மாதிரி. கணவர் ஏ.வி.ரமணன் கூட அத்தன மேடைக் கச்சேரி பாடுனவங்க, கைதட்டு வாங்குற வித்தையெல்லாம் தெரியாமலா இருக்கும்? இங்க அது வேணாம்னு விட்டுட்டாங்க.

'மூடுபனி' கதாநாயகி ஷோபா அந்தப் படம் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்க, 1980 மே 1, பதினேழு வயசு. உமா ரமணன் போனது 2024 மே 1. நான் இத சொன்னதும் கார்ல யாரும் ஒண்ணும் பேசல.

அப்புறம் ப்ளூடூத்துல பாட்ட போட்டேன். முழுசா கேட்டாங்க. வண்டி ஓட்டுனவரு இன்னொருக்கா போடுன்னாரு. மச்சான் மட்டும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா மஞ்சள் வெயில் மஞ்சள் வெயில்தான்"னுட்டு அடிவாரம் வர்ற வரைக்கும் மொணமொணன்னு அதையே பாடிக்கிட்டு வந்தான், அதுவும் சுருதி இல்லாம.