106-ஆவது பையன்

ஏப்ரல் 8, 2025, செவ்வாய். ஒமாஹா, நெப்ராஸ்கா

நேற்று ராத்திரி பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு வாசலில் அந்தப் பழைய பிக்கப் வந்து நின்றது. பையன் இறங்கினான். செமஸ்டர் முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். காலையில் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளும்போது அவன் அப்பா சொன்னார்: "டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள். இவனோடு சேர்த்து இருபத்திரண்டு பேர்." கோச் அறையில் ஐந்து நிமிடம்கூடப் பேச்சு நீளவில்லையாம். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் கண்ணே சிவந்திருந்தது, விட்டுவிட்டேன்.

பக்கத்து மாநிலத்துப் பெரிய பல்கலைக்கழகம் அது. பெயர் வேண்டாம். இங்கே கல்லூரி ஃபுட்பால் என்றால் நம் ஊர்க் கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஆளோடு ஆள் மோதும் ஆட்டம், எண்பதாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள். முதல் தட்டு அணிகள் இதுவரை 85 பேருக்குத்தான் ஸ்காலர்ஷிப் தரலாம். ஆனால் பல அணிகளில் 120, 130 பேர் இருப்பார்கள். அந்த மிச்சப் பேருக்குப் பெயர் 'வாக்-ஆன்'. கோச்சே வரச்சொல்லி இடம் தருவதும் உண்டு, பணம் மட்டும் கிடையாது. இவன் அந்த ரகம். சின்னக் கல்லூரி ஒன்று பாதிப் படிப்புக் கட்டணத்தைத் தானே ஏற்பதாகச் சொல்லியும் வேண்டாம் என்று இங்கே போனவன்.

சாப்பிடும்போது மனைவியிடம் இதையெல்லாம் விளக்கினேன். "அப்போ காசும் கட்டி, அடியும் வாங்கினானா?" என்றாள்.

நெட் பவுலர் மாதிரி என்று சமாளித்தேன். நம் நடராஜன் அப்படித்தானே ஆஸ்திரேலியா போய், அந்த ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு ஆடினார். "நெட் பவுலருக்குச் சம்பளம் உண்டு இல்லையா?" என்றாள். உண்டு. அதற்கு மேல் உதாரணம் நகரவில்லை.

ஏப்ரல் 12, சனி

பையன் கராஜில் உட்கார்ந்து பிக்கப்புக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தான். நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மூன்று வருஷம் என்ன செய்தாய் என்று கேட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தான்.

அவன் வேலை ஸ்கவுட் டீமில். வருகிற சனிக்கிழமை யாரோடு ஆட்டமோ, அந்த எதிரணியாக வாரம் முழுக்க நடிக்க வேண்டும். உதவிக் கோச் ஒரு அட்டையைத் தூக்கிப் பிடிப்பார். வட்டம், பெருக்கல் குறி, அம்புக்குறி எல்லாம் தடித்த மார்க்கரில் வரைந்திருக்கும். சில நொடி பார்த்துவிட்டுப் போய் நின்று, அட்டையில் இருப்பதுபோல் ஓட வேண்டும். எதிரணியின் பெரிய ஆட்டக்காரன் எண்ணை இவன் ஜெர்சி மேல் மாட்டிவிடுவார்கள். ஒரு வாரம் 7, அடுத்த வாரம் 43, அதற்கடுத்த வாரம் 11. மூன்று வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூட அவன் களத்தில் இறங்கவில்லை. ஆனால் செவ்வாயும் புதனும் அவனைப் போன்றவர்கள் இல்லாமல் பயிற்சியே கிடையாது.

இதில் நான் யோசித்தே பார்க்காத ஒரு சிக்கல் இருக்கிறது. மெதுவாக வந்தால் கோச் திட்டுவார், எதிரணிக்காரன் இப்படியா வருவான் என்று. வேகமாக வந்து ஸ்டார்ட்டரை, அதாவது சனிக்கிழமை முதலில் களமிறங்குகிறவனை, சாய்த்துவிட்டால் அவன் எழுந்து வந்து நெஞ்சில் குத்துவான், புதன்கிழமையில் என்னடா வீரம் என்று. "இரண்டு பேருக்கும் கோபம் வந்தால் சரியாகச் செய்கிறேன் என்று அர்த்தம்," என்றான். இடதுகைச் சுண்டுவிரலை நீட்டிக் காட்டினான். நேராக நிற்கவில்லை.

அட்டையில் இல்லாததையும் செய்வானாம். எதிரணி ஆட்டக்காரனின் வீடியோவை ராத்திரி தனியாகப் போட்டுப் பார்த்து, அவன் கால் வைக்கிற விதம், தோளைச் சாய்க்கிற விதம் எல்லாவற்றையும் பழகுவான். யாரும் சொல்லிச் செய்ததில்லை. "சும்மா அட்டையைப் பார்த்து ஓடினால் போர் அடிக்கும்."

ஸ்காலர்ஷிப்காரர்களே இதைச் செய்தால் என்ன என்று கேட்டேன். கணக்குப் போட்டுக் காட்டினான். தாக்க 11, தடுக்க 11, அவர்களுக்கு மாற்று 22. இந்த 44 பேரும் தங்கள் சொந்த ஆட்டத்தைப் பழக வேண்டும். அக்டோபர் வந்தால் பதினைந்து இருபது பேர் காயத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வந்தவர்களுக்கு இன்னும் உடம்பு தேறியிருக்காது. எதிரியாக நிற்க ஆள் வேண்டும், இல்லையென்றால் ஸ்டார்ட்டரும் ஸ்டார்ட்டரும் முட்டிக்கொண்டு சனிக்கிழமைக்கு முன்பே நொண்டுவார்கள்.

2014 வரை வாக்-ஆன் பையன்களுக்கு, மற்ற ஆட்டக்காரர்களுக்குப் போடுகிற இலவசச் சாப்பாடுகூடக் கிடையாது என்று அவன் அப்பா நடுவில் வந்து சொன்னார். அந்த வருஷம்தான் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு விதியை மாற்றியதாம். ஒன்றாகப் பயிற்சி செய்துவிட்டு, ஒருவன் இறைச்சித் தட்டோடு உட்கார, இன்னொருவன் தன் காசில் பர்கர் தேடிப் போவான். பந்தியில் பாதிப் பேரை எழுப்பிவிட்ட மாதிரி.

ஏப்ரல் 24, வியாழன்

பையன்களை வெளியே அனுப்பக் காரணமான வழக்கில், நேற்று ஓக்லண்டில் நீதிபதி கிளாடியா வில்கன் சமரச ஒப்பந்தத்தை அப்படியே ஏற்க மறுத்துவிட்டார். பக்கத்து வீட்டில் விளக்கு ரொம்ப நேரம் எரிந்தது.

வழக்கு இதுதான். கல்லூரி ஆட்டக்காரர்களால் கோடி கோடியாகச் சம்பாதித்துவிட்டு அதில் அவர்களுக்குப் பங்கு எதுவும் தராமல் இருந்தது தப்பு என்று, கிராண்ட் ஹவுஸ் என்ற நீச்சல்காரர் பெயரில் தொடுத்த வழக்கு. பழைய பாக்கியாக 280 கோடி டாலர். இனி ஒவ்வொரு கல்லூரியும் முதல் வருஷத்தில் 2.05 கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ரொம்ப முன்பே வந்திருக்க வேண்டும்.

கூடவே ஒரு விதி நுழைந்தது. 85 ஸ்காலர்ஷிப் என்ற வரம்பு போகும், அதற்குப் பதில் ஃபுட்பால் அணியில் மொத்தமே 105 பேர். இதை நம்பித்தான் ஒப்புதல் வருவதற்கு முன்பே பல கல்லூரிகள் பையன்களை வெளியே அனுப்பத் தொடங்கின. அப்படிப் போனவர்களுக்கு ஒரு வழி செய்யுங்கள், இல்லையென்றால் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் நீதிபதி. நட்சத்திர ஆட்டக்காரனுக்கு நியாயம் கிடைக்கிற அதே காகிதத்தில் 106-ஆவது பையனுக்குச் சீட்டுக் கிழிகிறது. இரண்டில் எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மே 18, ஞாயிறு

நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் இருக்கும் லிங்கனுக்குப் போய்வந்தோம். பையனும் வந்தான். நேர்வழியை விட்டு வாஹூ என்ற சின்ன ஊர் வழியாக ஓட்டச் சொன்னான். பெயரைக் கேட்டு மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள்.

வாக்-ஆன் என்றால் இந்த நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது நெப்ராஸ்கா அணிதான். மாநிலத்தில் பெரிய தொழில்முறை ஃபுட்பால் அணி எதுவும் இல்லை, முதல் தட்டில் வேறு கல்லூரி அணியும் இல்லை. சோளக்காட்டு ஊர்களில் பிறந்த பையன்களுக்கெல்லாம் ஒரே கனவு. 1973 முதல் 1997 வரை கோச்சாக இருந்த டாம் ஆஸ்போர்ன் அதைப் புரிந்துகொண்டவர். பெரிய படையை வைத்துக்கொண்டு, மைதானத்தில் ஒரே நேரத்தில் பல குழுக்களைப் பயிற்சி செய்ய வைத்தார். அதனால் நாலாவது வரிசையில் இருந்தவனும் கைகட்டி நிற்காமல் நாள் முழுக்க ஆடினான். பிரெய்னார்ட் என்ற குட்டி ஊரிலிருந்து வந்த ஜெஃப் மக்கோவிக்கா, ஜோயல் மக்கோவிக்கா என்ற அண்ணன் தம்பி இரண்டு பேரும் வாக்-ஆன்தான். இரண்டு பேரும் வளர்ந்து முதல் வரிசைக்கு வந்தார்கள்.

வாஹூவுக்கு ஏன் போனோம் என்பதைப் பையன் காரில் சொன்னான். 1994-இல் நெப்ராஸ்காவின் முதல் வரிசைக் குவார்ட்டர்பேக் (பந்தைக் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவர்) டாமி ஃப்ரேஸியருக்குக் காலில் ரத்தம் உறைந்துபோனது. இரண்டாமவர் புரூக் பெரிங்கருக்கு நுரையீரல் சுருங்கிப்போனது. கன்சாஸ் ஸ்டேட் அணியோடு அவர்கள் ஊரிலேயே ஆட்டம். வேறு வழியில்லாமல் இறக்கியது மேட் டர்மன் என்ற வாக்-ஆன் பையனை, இந்த வாஹூக்காரரை. 17-6 என்று நெப்ராஸ்கா ஜெயித்தது. அவர் பெரிய சாகசம் ஒன்றும் செய்யவில்லை, பந்தைக் கெடுக்காமல் மற்றவர் கையில் சேர்த்தார். அந்த வருஷம் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் அணி தேசியப் பட்டம் வாங்கியது. ஆஸ்போர்னுக்கு அது முதல் பட்டம்.

மெமோரியல் ஸ்டேடியத்துக்கு வெளியே ஆஸ்போர்னுக்குச் சிலை இருக்கிறது. அவர் பக்கத்தில் நிற்பது அந்த இரண்டாமவர் பெரிங்கர். 1996-இல் விமான விபத்தில் இறந்துபோனார். பையன் சிலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். நாங்கள் ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டோம்.

ஜூன் 7, சனி

நேற்று ஒப்பந்தத்துக்கு நீதிபதி ஒப்புதல் கொடுத்துவிட்டார். வெளியேற்றப்பட்ட பையன்களை ஒரு பட்டியலில் சேர்க்க வேண்டும். அந்தப் பட்டியலில் இருப்பவனை எந்த அணி எடுத்தாலும் 105 கணக்கில் சேராது. ஆனால் எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதாவது கதவு திறந்திருக்கிறது, உள்ளே கூப்பிட ஆள் இல்லை.

அலுவலகத்தில் இதைப் பேசினால் எல்லாரும் அதே பெயர்களைச் சொல்கிறார்கள். பேக்கர் மேஃபீல்ட் இரண்டு கல்லூரியில் வாக்-ஆனாக நுழைந்து, சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை 2017-இல் வாங்கினார். பிற்பாடு பெரிய நட்சத்திரமான ஜே.ஜே. வாட் வேறு கல்லூரி ஸ்காலர்ஷிப்பை விட்டுவிட்டு வந்து, நடுவில் பீட்சா விநியோகம் செய்து, விஸ்கான்சினில் வாக்-ஆனாகச் சேர்ந்தார். கிளெம்சனின் ஹண்டர் ரென்ஃப்ரோ, 2017 ஜனவரியில் ஒரு நொடி மிச்சமிருக்கும்போது அலபாமாவுக்கு எதிராகப் பந்தைப் பிடித்துப் பட்டத்தையே வாங்கித் தந்தார். நல்ல கதைகள்தான். ஆனால் இவற்றைச் சொல்லிச் சொல்லி, வாக்-ஆன் என்றால் நாளைக்கு நட்சத்திரம் ஆகப்போகிறவன் என்று ஆக்கிவிட்டோம். லாட்டரியில் ஜெயித்தவனைக் காட்டிச் சீட்டு விற்கிற வேலை இது. நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் ஆகப்போவதில்லை. அவர்கள் அணிக்கு என்ன கொடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

எனக்குப் பிடித்தது வேறொரு கதை. 2017 டிசம்பர், ரோஸ் பவுல் ஆட்டத்துக்கு ஜார்ஜியா தயாராகிறது. எதிரே மேஃபீல்டின் ஓக்லஹோமா. ஜார்ஜியாவின் ஸ்கவுட் டீமில் மேஃபீல்டாக நடித்தவர் ஸ்டெட்சன் பென்னட், அப்போது வாக்-ஆன். ஒரு வாக்-ஆன் இன்னொரு வாக்-ஆனாக வேஷம் கட்டினார். புத்தாண்டு அன்று ஜார்ஜியா 54-48 என்று ஜெயித்தது. பிற்பாடு பென்னட் இரண்டு தேசியப் பட்டம் வாங்கியது எல்லாருக்கும் தெரியும். அந்த டிசம்பரில் அவரோடு ஸ்கவுட் டீமில் நின்ற மற்ற பத்துப் பேர் யார் என்று யாராவது சொல்லட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

பையன் பெயர் பட்டியலில் இருக்கிறது. போன் வரவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நேற்று கன்சாஸ் சிட்டியில் நெப்ராஸ்கா சின்சினாட்டியை 20-17 என்று தாண்டியது. கடைசி நிமிடம் வரை இழுபறி. தெருவில் பட்டாசு. பையன் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிவிட்டான், வெறும் மாணவனாக. இன்னும் ஒரு வருஷத்தில் சிவில் இன்ஜினியரிங் முடிப்பான். அவன் அம்மா எங்களுக்குத் தக்காளி கொண்டுவந்து கொடுத்தார். இந்த வருஷம்தான் முதல் தடவையாக ஆகஸ்டில் அவன் உடம்பில் காயமே இல்லை என்றார். சந்தோஷமாகச் சொன்னாரா என்று பிடிபடவில்லை.

அக்டோபர் 4, சனி

வார இறுதிக்குப் பையன் வந்திருந்தான். கராஜில் டிவி, அவனுடைய பழைய அணியின் ஆட்டம். போன வருஷமும் இதே எதிரணியோடு ஆடினார்கள். மனைவி வடை சுட்டுக் கொண்டுவந்தாள். பையனின் அப்பா அதைக் கெட்சப்பில் தொட்டுச் சாப்பிட்டார், நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது பகுதியில் பையன் நாற்காலி நுனிக்கு வந்தான். "அந்த 43-ஐப் பாருங்கள். வலது காலைப் பின்னால் இழுக்கிறான். நேராக நடுவில் வரப்போகிறான்."

வந்தான். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நிற்கிற தடியன்களில் ஒருவன் ஏற்கெனவே அந்த இடத்துக்கு நகர்ந்து காத்திருந்தான். 43 அவன் மார்பில் மோதி நின்றுபோனான். பின்னால் குவார்ட்டர்பேக் நிதானமாகப் பந்தை எறிந்தான். பதினான்கு கெஜம்.

பையன் ஒரே ஒரு தடவை கைதட்டினான். "போன அக்டோபரில் அந்த 43 நான்தான்," என்றான் என் மனைவியிடம். "இப்போது தடுத்தானே, அந்த ஒரு வாரம் முழுக்க அவனை இப்படியே இடித்தேன். முதலில் ஏழெட்டுத் தடவை அவனுக்குப் பிடிபடவே இல்லை. மல்லாக்க விழுந்தான்."

"அது அவனுக்கு ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டாள்.

"நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தான். 43 இழுப்பது வலது காலா இடது காலா என்று."

"பதில் போட்டாயா?"

இன்னொரு வடையை எடுத்துக்கொண்டு, "உடனே," என்றான்.