சென்னை – லண்டன்: 8,200 கிலோமீட்டர், இருபதரை மணி நேரம்

லண்டன் வந்து மூன்று நாள் ஆகிவிட்டது. துபாய் விமான நிலையத்தில் காத்துக் கிடந்த எட்டே முக்கால் மணி நேரத்தின் எரிச்சல் இன்னும் போகவில்லை.

நேரடி விமானத்தில் வந்திருந்தால் ஏறக்குறைய 11 மணி நேரம். துபாய் வழியாக 14,000 ரூபாய் குறைவு என்பதால் அதை எடுத்தேன். வழி சுற்று என்பதால்தான் நேரம் கூடுகிறது என்று நினைத்திருந்தேன். அது தப்பு. சென்னையிலிருந்து லண்டன் நேராகச் சுமார் 8,200 கிலோமீட்டர். சென்னை–துபாய் 2,900, துபாய்–லண்டன் 5,500. கூட்டிப் பாருங்கள், 200 கிலோமீட்டர்தான் அதிகம். விமானத்துக்கு அது கால் மணி நேரம்கூட இல்லை! மீதியெல்லாம் காத்திருப்பு. டிக்கெட் எடுக்கும்போது விலைக்குப் பக்கத்தில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

துபாயில் நள்ளிரவு தாண்டி இறங்கினேன். நாற்காலிகளுக்கு நடுவே கைப்பிடி, காலை நீட்ட வழியில்லை. ஒரு காபியும் சாண்ட்விச்சும் 68 திர்ஹாம். 1,600 ரூபாய்க்குப் பக்கம்! வீட்டிலிருந்து நாலு சப்பாத்தி கட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் அடுத்த சோதனை. வெளியே வந்ததும் ஒரு டாக்சிக்காரர் பெட்டியைப் பிடிக்காத குறையாக, கிழக்கு லண்டனில் நான் போக வேண்டிய ஈஸ்ட் ஹாமுக்கு 120 பவுண்ட் என்றார். மிச்சம் பிடித்த 14,000 ஒரே சவாரியில் போயிருக்கும். மாட்டேன் என்று சொல்லிவிட்டு பிக்காடில்லி லைன் ரயில் ஏறினேன். ஹாமர்ஸ்மித்தில் இறங்கி எதிர்ப் பக்கத்திலேயே டிஸ்ட்ரிக்ட் லைன், நேராக ஈஸ்ட் ஹாம். எலிசபெத் லைன் வேகம்தான், ஆனால் கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல்.

ஈஸ்ட் ஹாமில் இறங்கியதும் கடைப் பலகைகளில் தமிழ். ஓர் இலங்கைத் தமிழர் கடையில் கொத்து ரொட்டி போடும் சத்தம் தெருவரை கேட்டது. உள்ளே போய் உட்கார்ந்தேன். அண்ணர் ஒருவர், "தம்பி, முதல்ல இடியப்பம் சாப்பிடுங்கோ, கொத்து வர நேரமாகும்" என்றார். மஞ்சள் சொதி, தேங்காய்ச் சம்பல், அப்புறம் ஆவி பறக்கும் ஆட்டிறைச்சிக் கொத்து. மிளகாய்க் காரத்தில் கண் கலங்கியது. இருபது மணி நேரப் பசிக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடைத்திருக்காது. எல்லாம் சேர்த்து 13 பவுண்ட், தாராளமாகக் கொடுக்கலாம்.

திரும்பும்போதும் துபாய் வழிதான், ஆனால் அங்கே காத்திருப்பு 2 மணி 50 நிமிடம். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயரக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் லண்டன்–துபாய் வரும்போது ஆனதைவிட அரை மணி நேரம் குறைவு. மொத்தம் 14 மணி நேரத்துக்குள் மீனம்பாக்கம். சப்பாத்திக்கு மாவு வாங்கி வைத்துவிட்டேன்.