கல்யாணப் படம்: நேரமும் வெளிச்சமும்

கல்யாண நாளில் எதுவும் சொன்ன நேரத்துக்கு நடக்காது. இதை ஒத்துக்கொண்டுதான் படத்துக்கான திட்டம் போட வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் கடைசியில் வெட்டு விழுவது போட்டோவுக்கான நேரத்தில்தான். அதனால் மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் நிற்கும் படங்களுக்கு அரை மணி நேரம் வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

அதிகம் சொதப்புவது குடும்பப் படங்களில். யார் யாரோடு நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே பட்டியல் எழுதுவது நல்லதுதான், ஆனால் அதை போட்டோகிராபர் கையில் கொடுத்து என்ன பயன், உங்கள் சித்தப்பா யார் என்று அவருக்குத் தெரியுமா? எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த, கொஞ்சம் கணீரென்று பேசுகிற ஒரு சொந்தக்காரரைப் பிடித்து அவரிடம் கொடுங்கள். ஒரு குழுவுக்கு 3 நிமிடம் என்று வைத்தாலும் 15 குழுவுக்கு முக்கால் மணி நேரம் ஓடிவிடும். பெரிய குழுவை முதலில் எடுத்துவிட்டு ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்தால் வயதானவர்களும் குழந்தைகளும் சீக்கிரம் போய் உட்காரலாம்.

அடுத்தது வெளிச்சம். அலங்காரம் செய்யும் அறையில் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, அறை விளக்கை அணைத்துவிடச் சொல்லுங்கள். வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் பகல் வெளிச்சம் சுமார் 5500, மஞ்சள் பல்பு 3000 பக்கம். இரண்டும் சேர்ந்து விழுந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மற்றது ஆரஞ்சாகவும் இருக்கும். வெள்ளை வெள்ளையாகத் தெரியக் கேமராவில் வைக்கும் ஒயிட் பேலன்ஸை இரண்டில் ஒன்றுக்குத்தான் பொருத்த முடியும். பிறகு திருத்த வசதியான RAW கோப்பாக எடுத்திருந்தாலும் இதைப் பிரித்துச் சரிசெய்வது பெரிய தலைவலி.

புதிதாகக் கேமரா பிடிப்பவர்களுக்கு அரங்கத்து எல்இடி விளக்கு இன்னொரு வம்பு. கண்ணுக்குத் தெரியாமல் அது மினுக்கிக்கொண்டே இருப்பதால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும், அதுவும் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் நிச்சயம் மாட்டுவீர்கள். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். ஆட்கள் அசையாமல் நிற்கும்போது ஷட்டர் வேகத்தை, மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/100 வினாடி, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/125 வைத்துப் பாருங்கள். எல்லா எல்இடியும் இதற்கு அடங்காது என்பதால், நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே மேடையை ஒருமுறை படமெடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிடுவது உத்தமம்.

நடந்து வருகிறவர்களை எடுக்கும்போது ஷட்டர் வேகத்தில் 1/200க்குக் கீழே போகாதீர்கள். கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறினால் ஏறட்டும், அதனால் படத்தில் விழும் புள்ளிகளை அப்புறம் குறைத்துக்கொள்ளலாம், அசைந்து கலங்கிய முகத்தை ஒன்றும் செய்ய முடியாது. துளை அகலமாகத் திறக்கும் எஃப் 1.8 லென்ஸ் வாங்கிவிட்டோமே என்று எல்லாவற்றையும் அதிலேயே எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வருவதுதான். இரண்டு வரிசை ஆட்கள் நிற்கும்போது அப்படி எடுத்தால் பின்வரிசை மங்கிப்போகும், அங்கே துளையைச் சுருக்கி எஃப் 5.6 வைக்க வேண்டும். கண் சிமிட்டுகிறவர் எந்தக் குழுவிலும் ஒருவராவது இருப்பார், குழுவுக்கு நாலைந்து படமாவது எடுங்கள்.

இரண்டு கேமராவோடு போகிறவர்கள் காலையிலேயே இரண்டின் கடிகாரத்தையும் ஒன்றாக வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான படங்களை நேர வரிசையில் அடுக்கும்போது கேக் வெட்டியது முதலிலும் வாசலில் வந்து இறங்கியது பின்னாலுமாகக் கிடக்கும். மெமரி கார்டைப் படங்கள் வேறு இரண்டு இடத்தில் சேரும்வரை அழிக்கவே கூடாது.

விருந்தினர்களுக்கு அதிகம் சொல்ல எதுவுமில்லை. நடைபாதைக்கு நடுவே போனை நீட்டாதீர்கள், ஃபிளாஷை அணைத்துவையுங்கள். மற்றபடி உங்கள் மேசையில் நடக்கும் அரட்டையும் சிரிப்பும் போட்டோகிராபருக்குக் கிடைக்காது, அதைத் தாராளமாக எடுங்கள். எடுத்ததை வாட்ஸப்பில் அனுப்பும்போது மட்டும் டாக்குமெண்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும், அப்புறம் பெரிதாக பிரிண்ட் போட முடியாது.